கழுத்தில் தொங்குவது எது?

சென்ற மாதக் கூட்டத்தில் ஒரு சொற்றொடரால் எங்களுக்குள் வழக்கு மூண்டது. நண்பர் ஒருவர் ஆங்கிலக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக் கொண்டுவந்து வாசித்தார். பொருளியல் கட்டுரை. ஒரு நாட்டின் பழங்கடனை, அந்நாட்டின் கழுத்தில் தொங்கும் ஆல்பட்ராஸ் என்று மூல ஆசிரியர் குறித்திருந்தார். நண்பர் அதைக் 'கழுத்தில் கட்டிய கல்' என்று ஆக்கியிருந்தார். மூலத்தில் உள்ள பறவையைக் கல்லாக்க உமக்கு உரிமை தந்தவர் யார் என்று ஒருவர் கேட்டார். பறவையையே வைத்துவிட்டு அடிக்குறிப்பு எழுதலாம் என்றார் மற்றொருவர். திருநாவுக்கரசரைக் கல்லோடு பிணைத்துக் கடலில் எறிந்தபோது அக்கல்லே தெப்பமாயிற்று என்பது நம் மரபு, எனவே தமிழில் கல் முழுச் சுமையாகாது என்று மூன்றாமவர் புதுக்கட்சி கட்டினார். தேநீர் ஆறிப்போயிற்று.

அப்போது எங்களுள் இளையவர் மெல்லக் கேட்டார்: "அந்தப் பறவை எப்படித்தான் இருக்கும்?"

எழுவர் கூடியிருந்தோம். கோல்ரிட்ஜின் முதிய மாலுமிக் கவிதையைக் கல்லூரியில் பாடமாகப் படித்தவர்கள் ஐவர். போதலேரின் ஆல்பட்ராஸ் கவிதையை மொழிபெயர்ப்பில் அறிந்தவர்கள் மூவர். ஆனால் அப்பறவையைப் பற்றிச் சேர்ந்தாற்போல் இரண்டு வாக்கியம் சொல்லத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. பெரிய பறவை, வெண்மையானது, கடலில் இருப்பது என்பதற்கு மேல் எங்கள் அறிவு நகரவில்லை. இலக்கியம் படித்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் எங்களுக்கு அது ஒரு நாணமாகவே இருந்தது. அந்நாணத்தைப் போக்கிக்கொள்ள ஒரு மாதம் படித்தோம். படித்து முடித்தபோது எங்கள் வழக்கின் பொருளே மாறியிருந்தது. அந்த உவமையே தலைகீழானது என்பதே இப்போது எங்கள் கருத்து. ஆல்பட்ராஸ் நம் கழுத்தில் தொங்கவில்லை. நாம்தாம் அதன் கழுத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறோம். இதை நிறுவுவதற்கே இக்கட்டுரை.

* * *

முதலில் பறவை.

கடற்பறவை என்றதும் நமக்குத் தோன்றுவன கரையோரத்துக் கடற்காகங்களும் ஆலாக்களும். அவை கடலின் அண்டை வீட்டார் மட்டுமே. கடலையே வீடாகக் கொண்டு, முட்டையிடுவதற்கு மட்டும் நிலத்துக்கு வரும் பறவைகள் வேறு. அவற்றுள் முதன்மையான வரிசை ஒன்றுக்குக் குழல்மூக்குப் பறவைகள் என்று பெயர் சொல்லலாம். அலகின்மேல் குழல் போன்ற நாசித்துளைகள் இருப்பது அவற்றின் அடையாளம். நம் கடற்பரப்பில் பருவக்காற்றுக் காலத்தில் அலைகளின்மேல் கால்தொட்டு நடப்பதுபோல் பறந்து திரியும் வில்சன் புயற்பறவையும் இவ்வரிசையைச் சேர்ந்ததே. அது சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரியது, நாற்பது கிராம் தேறினால் அதிகம். அதே வரிசையின் மறுகோடியில் நிற்பது அலையும் ஆல்பட்ராஸ். எடை எட்டு முதல் பத்து கிலோ. விரித்த சிறகின் அகலம் சராசரியாக மூன்று மீட்டர், பெரியவற்றில் மூன்றரை மீட்டர்வரை. இன்று உயிரோடு இருக்கும் பறவைகளில் இதைவிட நீண்ட சிறகு வேறெதற்கும் இல்லை.

பெருங்கடற் பறவைகளுக்குள் இதன் இடம் எது என்று பார்ப்பதற்கு மற்றவற்றோடு ஒப்பிட வேண்டும். கூழைக்கடாக்கள் எடையில் மிஞ்சும், சிறகிலும் நெருங்கி வரும். ஆனால் அவை கரையையும் ஏரியையும் விட்டு நெடுந்தொலைவு செல்வதில்லை. கப்பற்பறவை எனப்படும் ஃபிரிகேட் பறவைக்கு இரண்டு மீட்டருக்கு மேல் சிறகுண்டு, வாரக்கணக்கில் வானில் நிற்கும் வல்லமையும் உண்டு. ஆனால் அதன் இறகு நீரைத் தாங்காது, கடலில் இறங்கி அமர அதனால் இயலாது. பெரும்பெட்ரல்கள் சிறிய ஆல்பட்ராஸ்களின் அளவே இருப்பவை, பிணந்தின்னும் வேலையைத் தென்கடலில் திறம்படச் செய்பவை. இவை எல்லாவற்றிலும் தொலைவு, காலம், பொறுமை மூன்றையும் ஒருங்கே வென்றது ஆல்பட்ராஸ் குடும்பம்தான். இன்று அக்குடும்பத்தில் 22 இனங்கள் கணக்கிடப்படுகின்றன. பெரும்பாலானவை தென்பாதிக் கடல்களில் வாழ்கின்றன. மூன்று இனங்கள் வடபசிபிக்கில் வாழ்கின்றன. ஓர் இனம் நிலநடுக்கோட்டை ஒட்டிய கலாபகோஸ் தீவுகளில் முட்டையிடுகிறது.

முன்னொரு காலத்தில் இதனினும் பெரியவை இருந்தன. அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில் 1983இல் கிடைத்து 2014இல் விவரிக்கப்பட்ட ஒரு புதைபடிவப் பறவைக்குச் சிறகின் அகலம் ஆறு மீட்டருக்கு மேல் இருந்திருக்கலாம் எனக் கணித்தார்கள். சுமார் இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. ஆல்பட்ராஸுக்கு அது முன்னோர் அன்று; அலகில் பல்போன்ற முனைகள் கொண்ட வேறொரு குலம். அக்குலம் பூண்டோடு அழிந்தது. பெருங்கடலின்மேல் நீண்ட சிறகு விரிக்கும் தொழில் இப்போது ஆல்பட்ராஸின் கையில் இருக்கிறது. அது போய்விட்டால் அத்தொழிலை ஏற்க வேறு குலம் காத்திருக்கவில்லை.

அத்தொழில்தான் என்ன? காற்றை உண்டு வாழ்தல் என்று சொல்லத் தோன்றுகிறது. கடலின் மேற்பரப்பை ஒட்டிய காற்று அலைகளில் உராய்ந்து மெதுவாக வீசும். சில மீட்டர் உயரத்தில் அதே காற்று விரைந்து வீசும். ஆல்பட்ராஸ் காற்றை எதிர்த்து மேலேறி, உச்சியில் திரும்பி, காற்றோடு சரிந்து இறங்கி, அலைப்பள்ளத்தில் மீண்டும் திரும்பும். ஒவ்வொரு சுற்றிலும் இரு காற்றுகளின் வேக வேறுபாட்டிலிருந்து தனக்கு வேண்டிய ஆற்றலைப் பெற்றுக்கொள்ளும். இதை லியனார்டோ டாவின்சி குறிப்பேட்டில் கண்டு எழுதினார். 1883இல் ராலே பிரபு இயற்பியல் முறையில் விளக்கினார். விரித்த சிறகைத் தசை பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை, தோளில் உள்ள தசைநார் அதைப் பூட்டிவிடும். பறக்கும் ஆல்பட்ராஸின் இதயத்துடிப்பை அளந்தவர்கள், அது ஓய்ந்து அமர்ந்திருக்கும்போதைய துடிப்பை ஒட்டியே இருப்பதைக் கண்டார்கள். அப்பறவைக்குப் பறத்தல் உழைப்பன்று. எழுவதும் இறங்குவதுமே உழைப்பு.

தாகத்துக்குக் கடல்நீரையே குடிக்கும், மிகை உப்பை நாசிவழி வெளியேற்றும். உணவை மணத்தால் தேடும். காற்றில் வரும் மணத்தைப் பற்றிக்கொண்டு வளைந்து வளைந்து எதிர்காற்றில் சென்று மீனையும் கணவாயையும் கண்டடையும். தென்ஜார்ஜியா தீவில் கூடுகட்டும் சாம்பல்தலை ஆல்பட்ராஸ் ஒன்று 46 நாளில் உலகத்தைச் சுற்றிவந்ததை 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. இவ்வளவு விரைவும் ஒருபுறமிருக்க, அதன் குடும்ப வாழ்வு மிக மெதுவானது. அலையும் ஆல்பட்ராஸ் இரண்டாண்டுக்கு ஒருமுறை ஒரே ஒரு முட்டையிடும். அடைகாப்பு இரண்டரை மாதம் நீளும். குஞ்சு வளர்ந்து கடலேக ஏறத்தாழ ஒன்பது மாதம் ஆகும். சென்ற குஞ்சு பல ஆண்டுகள் நிலத்தையே மிதிக்காமல் திரிந்துவிட்டுப் பிறகுதான் திரும்பும். திரும்பி, நடனம் பயின்று, இணை தேடி, முதல் முட்டையிடப் பத்தாண்டு ஆகலாம். தாயும் தந்தையும் முறைவைத்து இரைதேடினாலன்றி அந்த ஒரு குஞ்சு பிழைக்காது. வளர்ந்த பறவை ஒன்று இறந்தால், அதன் கூட்டில் காத்திருக்கும் குஞ்சும் இறந்ததாகவே கொள்ள வேண்டும். இந்தக் கணக்கை வாசகர் மனத்தில் கொள்க. பின்னர் வேண்டியிருக்கும்.

* * *

அடுத்து, பெயர்.

ஆல்பட்ராஸ் என்ற பெயரின் வேர் அரபு மொழியில் இருப்பதாகச் சொல்வர். மூழ்குபவன் என்பதுபோன்ற ஒரு பொருள். போர்த்துகீசியர் வாயில் அல்கத்ராஸ் ஆகி வேறு கடற்பறவைகளைக் குறித்தது. ஆங்கிலேயர் வாயில் வெண்மை என்னும் லத்தீன் சொல்லின் சாயல் ஏறி இன்றைய வடிவம் பெற்றது. இது பரவாயில்லை. மற்ற பெயர்களைக் கேளுங்கள். ஜப்பானியர் இட்ட பெயர் அஹோதோரி, அதாவது முட்டாள் பறவை. டச்சு மாலுமிகள் இட்ட பெயரிலும் மடமை என்ற பொருளே உண்டு. மிட்வே தீவில் இருந்த அமெரிக்கப் படைவீரர்கள் இட்ட பெயரும் கோமாளித்தனத்தைக் குறிப்பதே. மூன்று மொழிகள், மூன்று கடல்கள், ஒரே வசை!

ஏன் முட்டாள்? மனிதனைக் கண்டு ஓடாததால். கொடிய விலங்கு ஏதுமில்லாத தீவுகளில் பல்லாயிரம் தலைமுறையாக வாழ்ந்த பறவைக்கு ஓடக் கற்பிப்பவர் எவரும் இருக்கவில்லை. தடியோடு நெருங்கியவனையும் அது நின்று பார்த்தது. அச்சமின்மையை மடமை என்று மொழிபெயர்த்தது மனிதனின் அகராதி.

நம் மொழி பறவைகளுக்குப் பெயரிட்ட முறையை இங்கே நினைத்துக்கொள்ளலாம். மரங்கொத்தி, மீன்கொத்தி, வாலாட்டி, தையற்சிட்டு என்று தொழிலைப் பார்த்துப் பெயர் வைத்தவர்கள் நாம். அதே நாம் ஆந்தையையும் கூகையையும் அபசகுனமாக்கியவர்களும்கூட. அலறல் கேட்டால் சாவு என்றோம். அதன் பயனாக இரவெல்லாம் நம் வயலில் எலி பிடிக்கும் பறவையைக் கல்லெறிந்து கொன்றோம். எனவே பெயரும் உவமையும் வெறும் காற்று என்று எவரும் எங்களிடம் சொல்ல வேண்டாம். சொல் முதலில் போகும், கல் பின்னால் போகும்.

* * *

இனி அந்தக் கவிதை.

கோல்ரிட்ஜின் கவிதை 1798இல் வெளிவந்தது. அதை எழுதிய காலத்தில் அவர் பெருங்கடற் பயணம் எதுவும் செய்தவரல்லர். பறவையைக் கொல்லும் நிகழ்ச்சியை அவருக்கு எடுத்துக் கொடுத்தவர் நண்பர் வேர்ட்ஸ்வொர்த். வேர்ட்ஸ்வொர்த்துக்கு அது கிடைத்தது ஷெல்வாக் என்னும் கப்பல் தலைவர் 1726இல் வெளியிட்ட பயண நூலிலிருந்து. 1719இல் ஹார்ன் முனையைச் சுற்றிச் செல்கையில், விடாத புயலில், அவர் கப்பலைத் தொடர்ந்து ஒரு கரிய ஆல்பட்ராஸ் வந்தது. ஹாட்லி என்னும் அதிகாரி அதன் கருமையைத் தீச்சகுனமாகக் கொண்டு, அதைக் கொன்றால் நற்காற்று வரும் என்று நம்பிச் சுட்டுவிட்டார். நற்காற்று வரவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். உண்மை நிகழ்ச்சியில் சகுனம் பறவையில் இருந்தது. கொலை பரிகாரமாகக் கருதப்பட்டது. கோல்ரிட்ஜ் அதைத் திருப்பிப்போட்டார். அவர் கவிதையில் கொலையே குற்றம். செத்த பறவையை மாலுமியின் கழுத்தில் தொங்கவிடுவது அக்குற்றத்தின் அடையாளமாக. உயிருள்ளவற்றின்பால் அன்பு பிறந்த கணத்தில் அது கழுத்திலிருந்து தானே விழுகிறது. ஆக, அக்கவிதையில் சுமையாவது பறவையன்று, கொன்றவனின் செயல். பின்னாளில் ஆங்கிலம் அதிலிருந்து ஒரு மரபுத்தொடரை வடித்தெடுத்தபோது கொலையை நழுவவிட்டுவிட்டுப் பிணத்தை மட்டும் வைத்துக்கொண்டது. கொலையுண்டவனைக் காட்டி 'இவனால் எனக்குத் தொல்லை' என்று கொலையாளி சொல்வதுபோல் ஆயிற்று. கடன், தோற்ற திட்டம், பழைய தலைவர் என எதையும் ஆல்பட்ராஸ் என்கிறார்கள். கவிதையை ஒழுங்காகப் படித்த எவரும் அப்படிச் சொல்ல முடியாது.

ஆல்பட்ராஸைக் கொல்லக் கடலோடிகள் அஞ்சினார்கள் என்று நாம் நம்புவதும் பெரிதும் அக்கவிதையின் பயனே. உண்மையில் அவர்கள் தூண்டிலிட்டுப் பிடித்துத் தின்றார்கள். கால்தோலில் புகையிலைப் பை செய்தார்கள். சிறகெலும்பில் புகைக்குழாய் செய்தார்கள். கேப்டன் குக்குடன் பயணம் செய்த ஜோசப் பேங்க்ஸ் தாம் சுட்டதையும் சமைத்து உண்டதையும் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். பசித்த மாலுமியைப் பழிக்கும் எண்ணம் எங்களுக்கில்லை. பக்தியும் இல்லை, அச்சமும் இல்லை என்பதை மட்டும் பதிவுசெய்கிறோம்.

போதலேர் அந்தக் கப்பல்தளத்தை ஓரளவு நேர்மையாகக் காட்டினார். 1841இல் குடும்பத்தார் அவரைக் கல்கத்தாவுக்குக் கப்பலேற்றினார்கள். அவர் இந்தியப் பெருங்கடல் தீவுகளோடு திரும்பிவிட்டார். 'தீமையின் மலர்கள்' நூலின் 1861ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்ந்த அவர் கவிதையில் மாலுமிகள் பறவையைப் பிடித்து, அதன் தடுமாறும் நடையைப் பழித்துச் சிரிக்கிறார்கள். அருமையான கவிதைதான். ஆனால் அங்கும் பறவை கவிஞனுக்கு உவமையாக வந்துபோகிறது. கவிஞன் பெருமூச்சு விடுகிறான், தளத்தில் கிடக்கும் பறவைக்கு என்ன ஆயிற்று என்று நாம் கேட்பதேயில்லை. மெல்வில் 'மோபி டிக்' நாவலில் வெண்மை பற்றிய இயலின் அடிக்குறிப்பில் தாம் முதன்முதல் கண்ட ஆல்பட்ராஸை எழுதினார். அங்கே ஒரு பறவையை உண்மையிலேயே ஒரு மனிதன் பார்க்கிறான். எங்களுள் பலர் அந்த நாவலைப் படித்திருந்தும் அந்த அடிக்குறிப்பைத் தாண்டிப் போயிருந்தோம்!

* * *

கவிதை நடக்கையில் கடலில் என்ன நடந்தது?

ஜப்பானுக்குத் தெற்கே தோரிஷிமா என்றொரு எரிமலைத் தீவு. பெயருக்குப் பொருள் பறவைத்தீவு. அங்கே குட்டைவால் ஆல்பட்ராஸ்கள் பனிபோல் நிறைந்திருந்தன. 1880களின் இறுதியில் இறகு வணிகம் தொடங்கியது. மெத்தைக்கும் அலங்காரத்துக்கும் ஐரோப்பாவுக்கு இறகு ஏற்றுமதியானது. தடியால் அடித்தே கொன்றார்கள், ஏனெனில் அவைதாம் ஓடாத முட்டாள் பறவைகள் ஆயிற்றே. ஏறத்தாழ ஐம்பது லட்சம் பறவைகள் கொல்லப்பட்டதாக மதிப்பிடுகிறார்கள். 1902இல் எரிமலை வெடித்துத் தீவில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பிறகும் மக்கள் வந்து வேட்டையைத் தொடர்ந்தார்கள். 1949இல் இவ்வினம் அழிந்துவிட்டதாக எழுதப்பட்டது. 1951இல் தீவின் வானிலை நிலையத்தார் ஏறத்தாழ பத்துப் பறவைகளைக் கண்டார்கள். ஹிரோஷி ஹசெகாவா என்னும் அறிஞர் பல பத்தாண்டுகள் அத்தீவுக்குச் சென்று, சரிவில் புல் நட்டு, பாதுகாப்பான இடத்தில் மரப்பறவைகளை நிறுத்தி உயிர்ப்பறவைகளை அழைத்துக் கூடுகட்டச் செய்தார். இன்று அவை சில ஆயிரங்கள். ஹசெகாவா அப்பறவைக்கு முட்டாள் என்ற பெயரை ஒழித்துக் கடலின் உயர்பறவை என்று பொருள்படும் பழம்பெயரொன்றை மீட்க வேண்டும் எனவும் வாதாடினார். இனத்தை மீட்டவருக்குப் பெயரையும் மீட்க வேண்டும் என்று தோன்றியதில் எங்களுக்கு வியப்பில்லை.

தடியின் காலம் போயிற்று. தூண்டிலின் காலம் வந்தது. சூரை மீனுக்காகப் பல பத்து கிலோமீட்டர், சில வேளை நூறு கிலோமீட்டர் நீளத்துக்குக் கயிறு விட்டு, அதில் ஆயிரக்கணக்கான தூண்டில்களில் இரை குத்தி விடுகிறார்கள். கயிறு கப்பலிலிருந்து இறங்கி மூழ்குவதற்கு முன் சில நிமிடம் இரை மேலே மிதக்கும். மணத்தால் இரைதேடும் பறவை அதைத் தொலைவிலிருந்தே அறிந்து வரும். விழுங்கும். முள் மாட்டும். கயிறு மூழ்கும்போது பறவையும் மூழ்கிச் சாகும். மூழ்குபவன் என்ற அரபுப் பெயர் இப்படிப் பலித்தது. நெடுங்கயிற்று மீன்பிடிப்பில் மட்டும் ஆண்டுதோறும் 1,60,000 கடற்பறவைகளேனும் சாவதாக 2011இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அவற்றுள் ஆல்பட்ராஸ்கள் பெரும்பங்கு. இரண்டாண்டுக்கு ஒரு முட்டை என்ற கணக்கை இப்போது நினைவுகொள்க. 22 இனங்களில் 15 இன்று அழியும் அபாயத்தில் உள்ளவையாகப் பட்டியலிடப்பட்டுள்ளன.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்வோம். தென்னட்லாண்டிக்கின் கோஃப் தீவில் முன்பு கப்பலில் வந்து இறங்கிய சுண்டெலிகள், தம்மைவிட நூறு மடங்கு எடையுள்ள ஆல்பட்ராஸ் குஞ்சுகளை உயிரோடு கடித்துத் தின்கின்றன. அஞ்சத் தெரியாத குஞ்சு அமர்ந்தபடியே சாகிறது. 2021இல் எலிகளை ஒழிக்கச் செய்த பெருமுயற்சி வெற்றி பெறவில்லை. மிட்வே தீவில் தாய்ப்பறவைகள் கடலில் மிதக்கும் பிளாஸ்டிக்கை இரையோடு கொண்டுவந்து குஞ்சுக்கு ஊட்டுகின்றன. இறந்த குஞ்சின் வயிற்றில் பாட்டில் மூடியும் தீப்பெட்டிக் கருவியும் கிடப்பதைக் கிறிஸ் ஜோர்டான் 2009இல் எடுத்த நிழற்படங்கள் உலகுக்குக் காட்டின. அவற்றுள் நம் வீட்டிலிருந்து போன மூடி எது என்று எவரால் சொல்ல இயலும்?

* * *

எங்கள் கூட்டத்திலேயே எழுந்த மறுப்புகளுக்கு விடை சொல்ல வேண்டும்.

மீனவர் பிழைப்பு பெரிதா, பறவை பெரிதா என்றார் ஒருவர். கேள்வி தவறானது. பறவையின் வாயில் போன இரை மீனுக்குப் போகாத இரை. பறவை சாவதால் மீனவருக்கு ஒரு காசும் வருவதில்லை. தீர்வுகளும் எளியவை. கயிற்றை இரவில் விடலாம். தூண்டிலுக்கருகே ஈயம் கட்டி விரைந்து மூழ்கச் செய்யலாம். கப்பலின் பின்னால் வண்ணப் பட்டைகள் தொங்கும் ஒரு கயிற்றைப் பறக்கவிட்டுப் பறவையை விலக்கலாம். இதை ஜப்பானிய மீனவர்களே முதலில் கண்டார்கள். தினைப்புனம் காத்த மகளிர் தட்டையும் தழலும் கொண்டு கிளியை ஓட்டியதைச் சங்கப்பாட்டில் படித்த நமக்கு இது புதிதா? கொல்லாமல் விரட்டுவது பழங்கலை. நமீபியாவில் 2015இல் இவை கட்டாயமாக்கப்பட்டபின், அடிக்கடல் நெடுங்கயிற்றுக் கப்பல்களில் பறவைச் சாவு 98 விழுக்காடு குறைந்ததாக 2021இல் ஆய்வு வெளியாயிற்று. அந்தப் பட்டைக் கயிறுகளை வால்விஸ் பே நகரத்துப் பெண்கள் குழு ஒன்று செய்து விற்றுப் பிழைக்கிறது. பறவையும் பிழைத்தது, பெண்களும் பிழைத்தார்கள். தென்ஜார்ஜியாவைச் சூழ்ந்த நீரிலும் ஒழுங்குமுறையால் சாவு ஏறத்தாழ அற்றுப்போயிற்று. ஆனால் பறவை எல்லைக்கோடு பார்த்துப் பறப்பதில்லையே. விதி இல்லாத கடலுக்குச் சென்று அங்கே சாகிறது.

அது நம் பறவையன்றே, நமக்கென்ன என்றார் மற்றொருவர். நம் கரைக்கு அது வருவதில்லை என்பது ஏறத்தாழ உண்மை. ஏறத்தாழ மட்டுமே. 2020இல் இராமேசுவரம் தீவில் மென்மேலாடை ஆல்பட்ராஸ் எனத்தக்க ஒன்று, தென்துருவத்தை ஒட்டி வாழும் கரும்பழுப்புப் பறவை, வழிதவறி வந்து பதிவாகியிருக்கிறது. ஹாட்லி சுட்ட கரிய பறவையும் இதன் நெருங்கிய உறவாக இருக்கலாம். கோல்ரிட்ஜின் பறவை சேதுக்கரைக்கு வந்து போயிருக்கிறது, நமக்குத் தெரியவில்லை. அது நிற்க. இந்தியப் பெருங்கடல் சூரை மீன் ஆணையத்தில் இந்தியாவும் இலங்கையும் உறுப்பு நாடுகள். 25 பாகைக்குத் தெற்கே நெடுங்கயிறு விடும் கப்பல்கள் பறவைக் காப்பு முறைகளைப் பின்பற்ற வேண்டும் என்பது அவ்வாணையத்தின் விதி. அவ்விதி காக்கப்படுகிறதா என்று கேட்கும் உரிமை அங்கே நமக்கும் உண்டு. கேட்பதற்கு முதலில் பறவையை அறிந்திருக்க வேண்டும்.

உவமைக்குள் நீதி தேடுவது இலக்கியத்தைப் பஞ்சாயத்தாக்குவது என்றார் மூன்றாமவர். இது வலுவான மறுப்பு. கவிஞர் எவரையும் நாங்கள் கூண்டில் ஏற்றவில்லை. கோல்ரிட்ஜ் பறவையின் பக்கமே நின்றார். குறை எங்களைப் போன்ற வாசகரிடம். உவமையைப் பெற்றுக்கொண்டு உவமிக்கப்பட்ட பொருளைக் கைவிட்டோம். முல்லைக்குத் தேரீந்த கதையைச் சொல்லி வள்ளன்மையைப் புகழும் நாம், முல்லை எப்படிப் படரும் என்று தெரியாமல் புகழ்ந்தால் அப்புகழ் எத்தன்மைத்து? பறவையை அறியாதவன் கையில் போதலேரின் கவிதையும் பாதிக் கவிதையே.

* * *

முடிப்பதற்குமுன் இரண்டு செய்திகள்.

மிட்வேயில் விஸ்டம் என்ற பெயருடைய லேசான் ஆல்பட்ராஸ் ஒன்று உண்டு. பெயருக்குப் பொருள் ஞானம். முட்டாள் என்ற பழைய வசைக்கு யாரோ செய்த பிராயச்சித்தம் போலும். 1956இல் சாண்ட்லர் ராபின்ஸ் என்னும் பறவையியலாளர் அதன் காலில் வளையமிட்டார். 2002இல் அவரே அதே பறவையை மீண்டும் கையில் எடுத்தார். அவர் 2017இல் தம் 98ஆம் வயதில் மறைந்தார். பறவை 2024இன் இறுதியில், குறைந்தது 74 வயதில், மீண்டும் முட்டையிட்டது. நெடுங்கயிறும் பிளாஸ்டிக்கும் கடலில் பெருகுவதற்குமுன் பறக்கத் தொடங்கிய அது, அவை அனைத்துக்கும் ஊடே இன்னும் இரைதேடிக் கொண்டுவருகிறது.

மற்றது இது. 2018, 2019ஆம் ஆண்டுகளில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் தென்னிந்தியப் பெருங்கடல் தீவுகளில் 169 ஆல்பட்ராஸ்களின் முதுகில் சிறு கருவிகளைப் பொருத்தினார்கள். கப்பலின் ரேடாரை உணரும் கருவிகள் அவை. பறவை ஒரு கப்பலை நெருங்கினால் அதன் இருப்பிடம் கரையில் தெரிந்துவிடும். தம் இருப்பை அறிவிக்கும் சமிக்ஞையை நிறுத்திவைத்துக்கொண்டு திருட்டுத்தனமாக மீன்பிடிக்கும் கப்பல்களும் இதில் அகப்படும். பன்னாட்டுக் கடற்பரப்பில் பறவைகள் கண்ட கப்பல்களில் மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்டவை சமிக்ஞை இன்றியே திரிந்தன. எந்தக் கப்பல் தன்னைக் கொல்கிறதோ அந்தக் கப்பலுக்கு எதிராகச் சாட்சி சொல்ல, கருவியைச் சுமந்து சென்றது அப்பறவை. மாலுமியின் கழுத்தில் பறவை தொங்கிய காலம் போய், மனிதரின் கணக்கைப் பறவை முதுகில் சுமக்கும் காலம் வந்துவிட்டது. சுமை யாருடையது, சுமப்பவர் யார் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

எங்கள் வழக்கும் முடிந்தது. நண்பரின் மொழிபெயர்ப்பில் 'கழுத்தில் கட்டிய கல்' அப்படியே நிற்கும். ஓர் அயல்மொழி இழைத்த அவதூற்றைத் தமிழும் ஏன் இறக்குமதி செய்ய வேண்டும்? சுமையைச் சொல்ல நமக்குக் கல் போதும். பறவையையே சொல்ல நேரும்போது ஆல்பட்ராஸ் என்றே எழுதுவோம் என்றும் முடிவு செய்தோம். அண்டரண்டப் பட்சி என்று தமிழ்ப்படுத்தலாம் என்ற யோசனையும் வந்தது. கேட்க இனிமையாகத்தான் இருந்தது. மறுத்துவிட்டோம். கதையில் வரும் பட்சிக்குச் சாவு இல்லை. இதற்கு உண்டு.